சுக்கு, சதகுப்பை, வெந்நீர்ப் பை: வயதுப்பிள்ளைகளின் மாதவிலக்கு வலிக்கு நான் சொல்வது

செங்கோட்டையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு நாட்டு மருந்துக்கடை இருக்கிறது. மாமனார் தொடங்கியது. அவருக்குப் பார்வை மங்கிய பிறகு நான் கல்லாவில் உட்கார ஆரம்பித்தேன். அதுவரை "வயித்து வலிக்கு ஏதாவது குடுங்க" என்று தணிந்த குரலில் கேட்டு வாங்கிப் போன அம்மாக்கள், உட்கார்ந்திருப்பது பெண் என்றதும் விவரமாகப் பேசத் தொடங்கினார்கள். பலர் மகளையே கூட்டி வருவார்கள். எனக்கும் இரண்டு மகள்கள். கடையில் கேட்டதும் வீட்டில் பார்த்ததும் சேர்ந்துதான் இதில் இருக்கிறது.

புளியரை, பண்பொழி, கற்குடிப் பக்கமிருந்தும் வருவார்கள். மலை தாண்டி ஆரியங்காவு, தென்மலையிலிருந்தும் வருவார்கள். 1956 நவம்பர் 1 அன்று மாநிலம் பிரிக்கும்வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர் இது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் இரண்டு பக்கமும் நடக்கிறது. அதனால் ஒரே வீட்டில் அம்மா வழி ஆச்சி சோம்பு மாதிரி இருக்கும் சதகுப்பை விதையில் கஷாயம் வைப்பார், புனலூரில் இருக்கும் அப்பா வழி ஆச்சி அசோகப்பட்டையில் செய்த அசோகாரிஷ்டம் கொடுத்தனுப்புவார், நடுவில் செல்போனில் யாரோ சொன்ன மலைவேம்புச் சாறு. மூன்றும் ஒரு பிள்ளையின் வயிற்றுக்குள் போகும். ஆகவே நான் முதலில் கேட்பது, "இப்போ என்னென்ன குடுத்துட்டு இருக்கீங்க மதினி?" என்பதுதான். அதற்குப் பதில் வராமல் பொட்டலம் கட்டுவதில்லை.

வலி ஏன் வருகிறது என்பதை அம்மாவுக்கும் பிள்ளைக்கும் சேர்த்தே சொல்வேன். மாதவிலக்கின்போது கருப்பையின் உள்சவ்வு உரிந்து வருகிறது. அப்போது அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. கருப்பைத் தசையை இறுக்குவது அதுதான். அதிகமாகச் சுரந்தால் தசை அளவுக்கு மீறி இறுகும், அங்கே ரத்த ஓட்டம் குறையும், அடிவயிறு பிடித்து இழுக்கும். வலி இடுப்புக்கும் தொடைக்கும் இறங்கும். அதே பொருள் குடலையும் முடுக்குவதால் சில பிள்ளைகளுக்கு அன்று குமட்டலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வரும். இதைத் தெரியாமல், சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று அன்று முழுக்கப் பட்டினி போடுகிற வீடுகள் உண்டு. வெறும் வயிற்றில் அந்தப் பிள்ளை இன்னும் துவண்டுபோகும்.

பெரியவளான முதல் சில மாதங்களில் பெரும்பாலும் இந்த வலி இருக்காது. அப்போது கருமுட்டை ஒழுங்காக வெளிவருவதில்லை. ஓராண்டு, இரண்டாண்டில் கருமுட்டை வரத் தொடங்கியதும்தான் வலியும் தொடங்கும். "ஒரு வருஷமா நல்லாத்தானே இருந்தா, இப்ப என்ன வந்துச்சு?" என்று யார் கண்ணோ பட்டதாகப் பயந்து வருகிற அம்மாக்களுக்கு இந்த விவரமே பாதி ஆறுதல். இந்த வகை வலி உதிரம் வருவதற்குச் சற்று முன்னோ வந்தவுடனோ தொடங்கி, ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் அடங்கிவிடும். நான் சொல்லப்போகும் கைமருந்தெல்லாம் இந்த வலிக்கு மட்டுமே. வேறு மாதிரி வலிகளைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், அதுதான் முக்கியமும்கூட.

கைமருந்து பலிக்கவில்லை என்று சொல்கிறவர்களில் பலர் அதைக் கொடுத்த நேரம்தான் தப்பு. பிள்ளை சுருண்டு படுத்த பிறகு அடுப்பைப் பற்றவைத்துக் கஷாயம் வைப்பார்கள். அதற்குள் புரோஸ்டாகிளாண்டின் சுரந்து முடிந்து தசை இறுகிவிட்டது. முதல் அறிகுறி தெரிந்தவுடனே தொடங்க வேண்டும். தேதி ஒழுங்காக வருகிற பிள்ளை என்றால் முந்தின நாளே தொடங்கலாம். என் மூத்தவளுக்கு முதலில் நடுமுதுகு கனக்கும், அப்புறம்தான் வயிறு வலிக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படி ஓர் அடையாளம் இருக்கும். இரண்டு மூன்று மாதம் கவனித்தால் அதுவே கண்டுபிடித்துவிடும்.

சுக்கைத்தான் நான் முதலில் எடுத்துக் கொடுப்பேன். ஆச்சிமார் நம்பியது போக, பரிசோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2009இல் வெளியான ஈரான் ஆய்வு ஒன்றில் 150 மாணவிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இஞ்சிப் பொடி 250 மில்லிகிராம் ஒரு நாளைக்கு நான்கு வேளை, மற்ற இரண்டுக்கும் வலி மாத்திரைகளான மெஃபனமிக் அமிலமும் இபுபுரோஃபனும் மூன்று நாள் கொடுத்தார்கள். வலி குறைந்ததில் மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதை வைத்துச் சுக்கு போதும், மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 2016இல் இந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளை எடைபோடுகிற காக்ரேன் என்ற சர்வதேசக் குழு, இஞ்சி, வெந்தயம் போன்ற சிலவற்றுக்குக் கொஞ்சம் சான்று இருக்கிறது, அதுவும் வலுவானது அல்ல என்றே சொன்னது. முயன்று பார்க்கத் தகுந்த பொருள் என்ற அளவில் நான் நிறுத்திக்கொள்கிறேன்.

"சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்பார்கள். சுக்கின் மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் இடிக்க வேண்டும். கால் டீஸ்பூன் பொடி ஏறக்குறைய அரை கிராம் இருக்கும். அதை ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டுக் கருப்பட்டி சேர்த்து, சாப்பிட்ட பிறகு, நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வேளை. முதல் மூன்று நாள் போதும். மாதம் முழுக்கக் குடிக்க வேண்டியதில்லை. இரண்டு டீஸ்பூன், மூன்று டீஸ்பூன் என்று அள்ளிப் போட்டால் நெஞ்செரிச்சல்தான் மிச்சம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிற பிள்ளைக்கும், உதிரப்போக்கு மிக அதிகமாக இருக்கிற பிள்ளைக்கும் மருத்துவரைக் கேட்காமல் சுக்கு கொடுப்பதில்லை.

சதகுப்பை எங்கள் கடையில் இதற்கென்றே போகிற சரக்கு. கேரளப் பக்கத்திலும் அதே பெயர் சொல்லித்தான் கேட்பார்கள். ஒரு டீஸ்பூன் விதையை லேசாக வறுத்து, நசுக்கி, ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கொதிக்கவிட்டு ஒரு டம்ளராக வற்றியதும் வடிகட்டிக் கொடுக்கலாம். காலையில் பாதி, மாலையில் பாதி. வாசனை சில பிள்ளைகளுக்குப் பிடிக்காது. கட்டாயப்படுத்தினால் வாந்தி எடுப்பார்கள்; அவர்களுக்கு ஓமத் தண்ணீரோ சோம்புத் தண்ணீரோ பரவாயில்லை. ஓமம் அரை டீஸ்பூன் போதும். காற்றுப் பிடிப்பும் வயிற்று உப்புசமும் சேர்ந்து வருகிற பிள்ளைக்கு ஓமம்தான் சீக்கிரம் சுகம் தருகிறது என்பது என் அனுபவம்.

உளுந்தங்களியைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. தொலி உளுந்தும் கொஞ்சம் பச்சரிசியும் வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றிச் சாப்பிடுகிற களி எங்கள் பக்கத்தில் பெரியவளான பிள்ளைக்குக் கட்டாயம். நல்ல சாப்பாடு, சந்தேகமே இல்லை. ஆனால் அதை வலி வந்த அன்று மருந்தாகக் கொடுத்துப் பயன் எதிர்பார்க்கக் கூடாது. குமட்டல் இருக்கும் நாளில் அந்த எண்ணெய்க் களி இறங்கவும் இறங்காது. மற்ற நாட்களில், வாரம் ஒன்றிரண்டு முறை கிண்டிக் கொடுங்கள்.

எந்தப் பொடியையும்விட நான் அதிகம் நம்புவது சூட்டை. 2001இல் வெளியான ஒரு ஆய்வில், ஏறக்குறைய 39 டிகிரி சூட்டில் பன்னிரண்டு மணி நேரம் அடிவயிற்றில் ஒட்டிவைக்கிற பட்டை, இபுபுரோஃபன் மாத்திரைக்கு நிகராக வலியைக் குறைத்தது. ரப்பர் வெந்நீர்ப் பை மருந்துக்கடையில் கிடைக்கும். இல்லையென்றால் கல்லுப்பை இரும்புச் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கலாம். எதுவானாலும் துண்டு சுற்றித்தான் வைக்க வேண்டும். வலி தாங்காமல் கொதிக்கக் கொதிக்க வைத்து, அடிவயிற்றுத் தோல் வலைவலையாகக் கறுத்துப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பொறுத்துக்கொள்கிற இளஞ்சூடு நீண்ட நேரம் இருப்பதுதான் உதவும். விளக்கெண்ணெயைத் தொப்புளைச் சுற்றி இளஞ்சூடாகத் தடவிவிட்டால் பிள்ளைக்கு இதமாக இருக்கும். அதைக் குடிக்கக் கொடுக்கவே கூடாது.

இனி, கேட்டாலும் நான் கொடுக்காதவை.

கரியபோளம். சிலர் மூசாம்பரம் என்பார்கள், மலையாளத்தில் சென்னிநாயகம். கற்றாழையின் மஞ்சள் பாலைக் காய்ச்சி இறுக்கிய கறுப்புக் கட்டி. தள்ளிப்போன உதிரத்தை இறக்குவதற்கு என்று கேட்டு வருவார்கள். அது கடுமையான பேதி மருந்து. வளரும் பிள்ளைக்குக் கைமருந்தாகக் கொடுக்கிற பொருள் அல்ல. கற்றாழைச் சோறு சாப்பிட நினைக்கிறவர்களும் அந்த மஞ்சள் பால் போகும்வரை பலமுறை கழுவ வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதற்குக் காரணம் இதுவே. மாதவிலக்கு தள்ளிப்போகிறது என்றால் ஏன் தள்ளிப்போகிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

மலைவேம்பு இலைச்சாறு இப்போது ஒரு அலையாகவே கிளம்பியிருக்கிறது. மலைவேம்பு என்று ஊருக்கு ஊர் வேறுவேறு மரத்தைச் சொல்கிறார்கள். அதிலே ஒன்றின் பழம் நஞ்சு. வேலியோரத்து மரத்திலிருந்து இலை பறித்து அரைத்துக் கொடுக்கிற துணிச்சல் எனக்கு வராது. சித்த மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்தால் சரி, இல்லையென்றால் வேண்டாம்.

அசோகப்பட்டையிலும் இதே சிக்கல். உண்மையான அசோகமரம் ஆரஞ்சுநிறப் பூ கொத்துக்கொத்தாகப் பூக்கும், கிளை பரப்பும். பள்ளிக்கூட மதிலோரம் தூண் மாதிரி உயரமாக நிற்பது நெட்டிலிங்கம். அதையும் அசோகமரம் என்றே பலர் சொல்கிறார்கள். பொடித்துவிட்டால் எது எதென்று கண்ணால் பிரிக்க முடியாது. அசல் மரம் அருகி வருவதால் கலப்படமும் அதிகம். புனலூர் ஆச்சிகள் அனுப்புகிற அசோகாரிஷ்டத்தைப் பொறுத்தவரை, அது பெரும்பாட்டுக்கு, அதாவது அதிக உதிரப்போக்குக்கு, மருத்துவர் அளவு சொல்லிக் கொடுக்கிற மருந்து. வெறும் பிடிப்பு வலிக்கு அல்ல. அரிஷ்டம் என்றாலே புளிக்கவைத்தது. புட்டியின் லேபிளைப் படித்தால் தானாக உண்டான ஆல்கஹால் அதில் இருப்பதாகப் போட்டிருக்கும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு உத்தேசமாக ஒரு மூடி, இரண்டு மூடி என்று ஊற்றிக் கொடுப்பது சரியில்லை.

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் வழியோரம் விற்கிற, எழுத்தே இல்லாத பொட்டலங்களையும் வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது, யார் செய்தது, எப்போது செய்தது என்று எதுவும் தெரியாது. சூரணம் என்ற பெயரில் அலோபதி வலி மாத்திரையைப் பொடித்துக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். நாட்டு மருந்து வியாபாரத்தில் இருக்கிற எனக்கு இதைச் சொல்ல வேதனையாக இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் விஷயம்.

மாத்திரை பற்றியும் சொல்ல வேண்டும். நாட்டு மருந்துக்கடைக்காரி மாத்திரையைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்து வருவார்கள். "வலி மாத்திரை போட்டா பின்னாடி குழந்தை பிறக்காதுன்னு சொல்றாங்களே அக்கா" என்று ஒரு பிள்ளை கண்கலங்கிக் கேட்டது. மாதத்தில் ஒன்றிரண்டு நாள், மருத்துவர் சொன்ன அளவில், சாப்பிட்ட பிறகு போடுகிற வலி மாத்திரையால் அப்படி ஆகாது. மெஃபனமிக் அமிலம், இபுபுரோஃபன் இரண்டும் அந்தப் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதையே தடுக்கின்றன. அதனால் இவற்றையும் வலி தொடங்கும்போதே போடுவதுதான் முறை. ஆஸ்துமா, குடற்புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் இவை ஆகாது. 2023 நவம்பர் இறுதியில் இந்திய பார்மகோபியா ஆணையம் மெஃபனமிக் அமிலம் பற்றி ஓர் எச்சரிக்கை கொடுத்தது: அரிதாகச் சிலருக்குக் காய்ச்சல், தோல் தடிப்பு, நிணநீர்க் கட்டி வீக்கம் என்று கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று. மாத்திரை போட்டுச் சில வாரம் கழித்துக்கூட இது தலைகாட்டும் என்பதால், அப்படி ஏதாவது தெரிந்தால் போட்ட மாத்திரையையும் மருத்துவரிடம் சொல்ல மறக்கக் கூடாது. பக்கத்து வீட்டில் கடன் வாங்கி மாத்திரை போடுவது மட்டும் வேண்டாம்.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். எந்த வலிக்குக் கைமருந்து போதாது?

ஓர் அம்மா மாதாமாதம் வருவார். முதலில் ஐம்பது கிராம் சதகுப்பை வாங்கினார், பிறகு நூறு. அப்புறம் இரண்டு தேதிக்கு நடுவிலும் வந்து வாங்க ஆரம்பித்தார். பிள்ளையை அழைத்துவரச் சொன்னேன். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. உதிரம் நின்ற பிறகும் வலி இருக்கிறது, மலம் கழிக்கும்போது குத்துகிறது, மாத்திரை போட்டாலும் முழுதாகக் கேட்கவில்லை, போன வருஷத்தைவிட இந்த வருஷம் அதிகம் என்று சொன்னது. ஆச்சியும் அத்தையும், "எங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சு, கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று சொல்லி வந்திருக்கிறார்கள். நான் பொட்டலம் தர மறுத்து, மகப்பேறு மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். கோபித்துக்கொண்டு போனார். அப்புறம் ஸ்கேன் எடுத்ததில் சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ். கருப்பை உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்கிற நோய் அது. ரத்த சம்பந்தமுள்ள பெண்களுக்கு வழிவழியாக வரவும் கூடும். ஆகவே "எங்களுக்கும் இப்படித்தான்" என்று வீட்டுப் பெண்கள் சொல்வது மருத்துவரிடம் உடனே போக வேண்டியதற்கான காரணம். அந்தப் பிள்ளை இப்போது மருந்து சாப்பிட்டுக் கல்லூரிக்குப் போகிறது.

இன்னொரு பிள்ளைக்குப் பதினைந்து வயது, இன்னும் பெரியவளாகவில்லை. மாதத்துக்கு ஒருமுறை நாலைந்து நாள் அடிவயிற்று வலி. சீக்கிரம் வயதுக்கு வர மருந்து கேட்டு வந்தார்கள். இப்படி மாதமாதம் வலி மட்டும் வந்து உதிரம் வராமலிருந்தால், உள்ளே வந்த உதிரம் வெளியேற வழியில்லாமல் தேங்கியிருக்கலாம். அந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான் இருந்தது. சிறிய அறுவை சிகிச்சையில் சரியாயிற்று. எள்ளும் வெல்லமும் அன்னாசியும் கொடுத்துக்கொண்டே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் பதறுகிறது.

ஒரு மணிக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைவது, ஏழு நாளுக்கு மேல் போவது, பெரிய கட்டிகளாக விழுவது, காய்ச்சலோடு வலி வருவது, மயங்கி விழுவது, திடீரென்று ஒரு பக்கம் மட்டும் தாங்க முடியாமல் வலிப்பது: இதில் எது இருந்தாலும் கடைக்கு வராமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இவை இல்லாவிட்டாலும், சுக்கும் சூடும் மாத்திரையும் முறையாகச் செய்துபார்த்து மூன்று மாதத்தில் பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போக முடியவில்லை என்றால் அதற்குமேல் காத்திருக்க வேண்டாம்.

ரத்தசோகையையும் விட்டுவிட முடியாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வெளுத்துச் சோர்ந்த பிள்ளை எந்த வலியையும் தாங்காது. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையைக் குப்பையில் போடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். அதோடு சேர்த்துக் காப்பி, டீ குடித்தால் சத்து உடம்பில் ஒட்டாது.

பிள்ளையின் கையில் ஒரு சின்ன நோட்டு கொடுங்கள். உதிரம் வந்த தேதி, வலி தொடங்கிய நேரம், எத்தனை நாப்கின் மாற்றினாள், என்ன மருந்து எடுத்தாள், எத்தனை மணி நேரம் கேட்டது, பள்ளிக்கு லீவு போட்டாளா என்று அவளே எழுதட்டும். "ரொம்ப வலிக்குது" என்று அவள் சொன்னால் நம்ப மறுக்கிற அப்பாகூட, மாதம் மூன்று நாள் லீவு என்று எழுத்தில் பார்த்தால் வண்டியை எடுப்பார். கேரளத்தில் 2023 ஜனவரியில் பல்கலைக்கழக மாணவிகளுக்கு மாதவிலக்கு விடுப்புக்கு இடம் கொடுத்தார்கள். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் அன்று விளையாட்டு வகுப்பில் உட்காரவும் வெந்நீர் குடிக்கவும் விடுவார்கள். பெரும்பாலான டீச்சர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

கல்யாணமாகாத பிள்ளையை மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப் போவதா என்று தயங்குகிறவர்களுக்கு: இந்த வயதில் வழக்கமாக வயிற்றின் மேல் வைத்துத்தான் ஸ்கேன் பார்ப்பார்கள். உள்பரிசோதனை என்ற பயம் வேண்டாம். ஸ்கேனுக்கு முன் நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சித்த மருத்துவம்தான் பார்ப்போம் என்றால் அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது. அங்கே படித்த மருத்துவர்கள் பார்ப்பார்கள், ஸ்கேன் தேவைப்பட்டால் அவர்களே சொல்வார்கள். எங்கே போனாலும் அந்த நோட்டையும், வீட்டில் இருக்கிற எல்லாப் பொட்டலங்களையும் புட்டிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருத்துவர் பிள்ளையிடம் தனியாகப் பேசக் கேட்டால் தயங்காமல் எழுந்து வெளியே போய் உட்காருங்கள்.